பட்டைகள் உரைக்கும் உண்மை

எண்ணிக்கை வேறு; விகிதம் வேறு. இவ்வேறுபாட்டை உணராது தீட்டப்படும் வரைபடம், பொய்யான எண் ஒன்றேனும் இல்லாமலே பொய்யுரைக்க வல்லது. டைட்டானிக் கப்பலின் துயர வரலாற்றைக் கொண்டு இதனை விளக்க முற்படுவோம்.

1912 ஏப்ரல் 15ஆம் நாள் அதிகாலையில் அக்கப்பல் அட்லாண்டிக் கடலில் மூழ்கியது. அவ்வாண்டே வெளிவந்த பிரித்தானிய விசாரணை அறிக்கையின்படி, கப்பலில் இருந்தோர் 2,201 பேர்; உயிர் பிழைத்தோர் 711 பேர். பிழைத்தோருள் முதல் வகுப்பினர் 203, இரண்டாம் வகுப்பினர் 118, மூன்றாம் வகுப்பினர் 178, பணியாளர் 212. இவ்வெண்களுக்கேற்ப நான்கு பட்டைகள் வரைந்தால், பணியாளர் பட்டையே யாவற்றினும் உயர்ந்து நிற்கும். மூன்றாம் வகுப்பின் பட்டை இரண்டாம் வகுப்பினதை விஞ்சும். ஏழைகளும் ஊழியரும் நன்கு காக்கப்பட்டனர் என்னும் மயக்கம் இங்கே பிறக்கிறது.

மயக்கம் தீர, ஒவ்வொரு பிரிவிலும் இருந்தோர் எத்தனை பேர் என முதலில் வினவுதல் வேண்டும். அவ்வரிசையிலேயே 325, 285, 706, 885 என அறிகிறோம். இனி, ஒவ்வொரு பிரிவையும் நூறு எனக் கொண்டு, ஒரே உயரமுடைய நான்கு பட்டைகளை வரைவோம். பிழைத்தோர் பங்கைக் கீழே ஒரு நிறத்தாலும், மாண்டோர் பங்கை மேலே மற்றொரு நிறத்தாலும் தீட்டுவோம். பிழைத்தோர் பங்கு 62, 41, 25, 24 விழுக்காடு எனப் படிக்கட்டுப் போல் இறங்கக் காண்கிறோம். பிரிவை நிபந்தனையாக வைத்து, அதனுள் விளைவு எவ்வாறு பகிர்ந்துள்ளது எனக் காட்டும் இதனையே ‘நிபந்தனைப் பரவல்’ என்கிறோம்.

எதனை நிபந்தனையாகக் கொள்கிறோம் என்பதில் விழிப்பு வேண்டும். பிழைத்தோருள் பணியாளர் 30 விழுக்காடு. பணியாளருள் பிழைத்தோரோ 24 விழுக்காடே. சொற்கள் இடம் மாறியதும் வினாவே மாறிவிடுகிறது.

சம உயரப் பட்டைகளுக்கும் ஒரு குறை உண்டு. பிரிவின் அளவை அவை மறைத்துவிடும். ஆதலின், பட்டையின் அகலத்தைப் பிரிவின் அளவுக்கேற்ப அமைப்பதுண்டு. 1981இல் ஹார்ட்டிகன், கிளைனர் ஆகிய இருவர் விளக்கிய ‘மொசைக் வரைபடம்’ இவ்வகையினது.

பெண்களையும் குழந்தைகளையும் முதலில் படகேற்றுக என்பதே அன்றிரவு இடப்பட்ட ஆணை. அவ்வாணை அனைவருக்கும் ஒன்றாகப் பயன்பட்டதா? வயது வந்த பெண்களை மட்டும் தனியே பிரித்து நோக்குவோம். முதல் வகுப்பில் 144 பேருள் 140 பேர் பிழைத்தனர். இது 97 விழுக்காடு. மூன்றாம் வகுப்பில் 165 பேருள் 76 பேரே பிழைத்தனர். இது 46 விழுக்காடு. இறைவன் திருமுன் ஒப்பான உயிர்கள், கப்பலில் பயணச்சீட்டின் விலைக்கேற்ப வேறுபட்டன.

மொத்த எண் மூடி வைத்த இவ்வுண்மையைப் பிரிவுவாரிப் பட்டைகளே வெளிக்கொணர்கின்றன. ஆகவே, தேர்ச்சியாயினும் வேலைவாய்ப்பாயினும், எத்தனை பேர் என்று மட்டும் நில்லாது, எத்தனை பேருள் எத்தனை பேர் எனக் கேட்கப் பழகுவோமாக!