விரால் அடிப்பானின் கூடு

விரால் அடிப்பான் மீனையே நம்பி வாழும் பெரிய வேட்டைப் பறவை. சிறகை விரித்தால் ஒன்றரை மீட்டருக்கு மேல் நீளும். எடையோ பெரும்பாலும் இரண்டு கிலோவைத் தாண்டாது. மேலே கரும்பழுப்பு, அடியில் வெள்ளை. மஞ்சள் கண்ணின் குறுக்கே கழுத்துவரை ஓடும் கரும்பட்டையே இதன் அடையாளம். தமிழ்நாட்டிலும் இலங்கையிலும் குளிர்காலத்தில் மட்டும் நீர்நிலைகளில் தென்படும். கூடு கட்டுவது வடக்கே. அதைப் பார்க்கப் பேர்போன இடங்களில் ஒன்று ஸ்காட்லாந்தின் ஸ்பே ஆற்றுப் பள்ளத்தாக்கு.

இந்தப் பள்ளத்தாக்கில் செல்லும் 'ஸ்பேசைடு வே' என்ற நடைவழி போட் ஆஃப் கார்ட்டன், நெத்தி பிரிட்ஜ் ஆகிய ஊர்களைத் தொட்டு, அபர்நெத்திக் காட்டின் பைன் மரங்களுக்கு இடையே போகிறது. கார்ட்டன் ஏரியும் அருகில்தான். உச்சி தட்டையான முதிய பைன் மரமோ, பட்டுப்போன மரமோ கிடைத்தால் அதன் தலையில் காய்ந்த குச்சிகளை அடுக்கி, பாசியும் புல்லும் பரப்பிப் பறவைகள் கூடு கட்டும். அதே கூட்டுக்கு ஆண்டுதோறும் திரும்பி வந்து குச்சி சேர்ப்பதால் அது ஒரு மீட்டருக்கும் அகலமாக வளர்ந்துவிடும். மேலே கிளையோ இலையோ மறைக்காது. அதனால் வெகு தொலைவிலிருந்தே கூட்டைக் கண்டுகொள்ளலாம்.

மார்ச் இறுதியிலும் ஏப்ரலிலும் ஆணும் பெண்ணும் தனித்தனியே வந்து கூட்டில் சேர்கின்றன. பெண் வழக்கமாக மூன்று முட்டை இட்டு, ஐந்து வாரத்துக்கும் சற்று மேல் அடைகாக்கும். ஆணும் இடையிடையே அடைகாத்தாலும் அதன் முக்கிய வேலை மீன் பிடிப்பது. நீருக்கு மேல் சிறகடித்து நின்ற இடத்திலேயே மிதந்து, மீனைக் குறிவைத்துச் சரிந்து, கடைசி நொடியில் கால்களை முன்னே நீட்டி நீரில் பாயும். நாசித் துளைகள் மூடிக்கொள்ளும். வெளிவிரலைப் பின்னுக்குத் திருப்ப முடிவதால் முன்னே இரண்டு, பின்னே இரண்டு விரல்களாக மீனைக் கவ்வும். பாதத்தடியில் உள்ள கூரிய முட்கள் வழுக்கும் மீனை நழுவ விடா. மேலெழுந்ததும் உடலை உதறி நீரைச் சிந்திவிட்டு, காற்று தடுக்காதபடி மீனின் தலையை முன்னோக்கித் திருப்பிக்கொள்ளும். பெரும்பாலும் ஏதாவதொரு கிளையில் அமர்ந்து தலைப்பகுதியைத் தான் தின்ற பிறகே மிச்சத்தைக் கூட்டுக்குக் கொண்டுவரும். பெண் அதைச் சிறு துண்டுகளாகக் கிழித்துக் குஞ்சுகளுக்கு ஊட்டும். தொலைநோக்கியில் இந்த ஊட்டலைப் பார்ப்பதற்கு ஈடான காட்சி அந்தக் காட்டில் வேறில்லை.

இந்தக் காட்சி பிரிட்டனில் ஒருகாலத்தில் இல்லாமலே போயிருந்தது. வேட்டையும் முட்டைத் திருட்டும் சேர்ந்து 1916 வாக்கில் இங்கே இனப்பெருக்கத்தை நிறுத்திவிட்டன. 1954இல் ஒரு சோடி கார்ட்டன் ஏரிப் பக்கம் கூடு கட்டியது. 1958இல் ஒருவர் இரவில் மரமேறி முட்டைகளைத் திருடி, சாயம் பூசிய கோழிமுட்டைகளை வைத்துவிட்டுப் போனார். இடத்தை ஒளித்துக் காப்பது பலிக்கவில்லை என்று கண்ட பிரிட்டனின் அரச பறவைப் பாதுகாப்புக் கழகத்தினர், அதன் ஸ்காட்லாந்துப் பொறுப்பாளர் ஜார்ஜ் வாட்டர்ஸ்டனின் முயற்சியால், 1959இல் கூட்டைப் பொதுமக்கள் பார்க்கத் திறந்துவிட்டனர். அந்தப் பருவத்தில் வந்தவர்கள் ஆயிரக்கணக்கானோர். மூன்று குஞ்சுகளும் பறந்தன. பார்க்க வந்த கூட்டமே காவலானது. துணிச்சலான முடிவு, சரியான முடிவும்கூட. இப்போது பிரிட்டனில் இருநூறுக்கும் மேற்பட்ட சோடிகள் கூடு கட்டுகின்றன.

ஆனாலும் கூட்டை நெருங்கக் கூடாது. பெண் பறவை எழுந்து கூவி வட்டமிட்டால் முட்டைகள் குளிர்ந்துபோகும், காகங்களுக்கும் வழி கிடைக்கும். பிரிட்டனின் 1981ஆம் ஆண்டு வனவிலங்குச் சட்டப்படி, கூட்டிலுள்ள பறவையை வேண்டுமென்றே கலைப்பது குற்றம். கண்காணிப்புக் குடிலில் இருந்தோ, தொலைவில் இருந்து தொலைநோக்கி வழியாகவோதான் பார்க்க வேண்டும்.

ஏழெட்டு வாரத்தில் குஞ்சுகள் பறந்துவிடும். ஆகஸ்டில் பெண் முதலில் தெற்கே கிளம்ப, ஆண் இன்னும் சில நாள் மீன் கொண்டுவந்து கொடுக்கும். பிறகு ஒவ்வொரு குஞ்சும் வழிகாட்டி இன்றித் தனியே மேற்கு ஆப்பிரிக்காவுக்குப் பறக்கிறது. முதல் பயணத்திலேயே பல மடிந்துபோகின்றன. தப்பியவை இரண்டு வயதுவரை பெரும்பாலும் அங்கேயே தங்கி, அதன் பிறகுதான் வடக்கே திரும்பிக் கூட்டுக்கு இடம் தேடத் தொடங்குகின்றன.