மொத்தக் கொலஸ்ட்ரால் சரி. பிறகு ஏன் மருந்து?

"டாக்டர், மொத்தக் கொலஸ்ட்ரால் 180 தானே இருக்கிறது, எனக்கு எதற்கு மருந்து?" என்று புறநோயாளிகள் பிரிவில் பலர் எங்களிடம் கேட்பதுண்டு. அவர்களுள் பெரும்பாலோர் தொப்பை உள்ளவர்கள். இக்கேள்விக்கான விடை அந்தத் தொப்பையிலேயே இருக்கிறது.

கொழுப்புத் திசு வெறும் சேமிப்புக் கிடங்கு அன்று; அது ஹார்மோன்களைச் சுரக்கும் உறுப்பும் ஆகும். 1994-இல் கண்டறியப்பட்ட லெப்டின் அவற்றுள் ஒன்று. "போதும், பசி இல்லை" என்று மூளைக்குச் செய்தி அனுப்புவது அதன் பணி. உடற்பருமன் உள்ளவர்களுக்கு லெப்டின் மிகுதியாகவே சுரக்கிறது. ஆயினும் மூளை அதற்குச் சரியாகச் செவிசாய்ப்பதில்லை. எனவே அவர்களின் பசியை மன உறுதிக் குறைவு என்று குடும்பத்தினர் பழிக்க வேண்டாம்.

மற்றொரு ஹார்மோன் அடிப்போனெக்டின். இன்சுலின் நன்கு செயல்பட உதவும் இது, தொப்பை கூடக்கூடக் குறைகிறது. இன்சுலினின் கட்டுப்பாடு தளர்வதால் வயிற்றுக் கொழுப்பிலிருந்து கொழுப்பு அமிலங்கள் கசிந்து கல்லீரலை அடைகின்றன. கல்லீரல் அவற்றை டிரைகிளிசரைடாக மாற்றி இரத்தத்தில் விடுகிறது. அதன் விளைவாக நன்மை செய்யும் எச்.டி.எல். குறைகிறது, எல்.டி.எல். துகள்களோ சிறுத்து, இரத்தக் குழாய்ச் சுவருக்குள் எளிதில் புகுகின்றன.

ஓர் எடுத்துக்காட்டு: மொத்தக் கொலஸ்ட்ரால் 180, டிரைகிளிசரைடு 260, எச்.டி.எல். 32 எனக் கொள்வோம். கணக்கிட்டால் எல்.டி.எல். 96 என்றே வரும். பார்வைக்கு நலமாகத் தோன்றும். ஆனால் மொத்தத்திலிருந்து எச்.டி.எல்.-ஐக் கழித்தால் 148 கிடைக்கிறது. இது பொதுவாக 130-க்குக் கீழ் இருத்தல் நலம். இதய நோயோ சர்க்கரை நோயோ உள்ளவர்களுக்கு இலக்கு இன்னும் குறைவு. ஆகவே பரிசோதனை அறிக்கையில் ஒரு வரியை மட்டும் பார்த்து நிம்மதி அடைய வேண்டாம்.

வீட்டில் ஓர் அளவு நாடாவால் வயிற்றுச் சுற்றளவை அளந்து பாருங்கள். நம் நாட்டு ஆண்களுக்கு 90 செ.மீ., பெண்களுக்கு 80 செ.மீ. என்பவை எச்சரிக்கை எல்லைகள்.

எடையில் 5 முதல் 10 விழுக்காடு குறைந்தாலே டிரைகிளிசரைடு கணிசமாக இறங்கும். 80 கிலோ எடையுள்ளவருக்கு அது 4 முதல் 8 கிலோ மட்டுமே. வாரத்தில் ஐந்து நாள் அரை மணி நேர விறுவிறுப்பான நடை, தட்டில் சோற்றைக் குறைத்துக் காய்கறியும் பருப்பும் கூட்டுதல், சர்க்கரை கலந்த பானங்களையும் மதுவையும் தவிர்த்தல் ஆகியவை பலன் தரும். வீட்டார் அனைவரும் அதே உணவை உண்டால் நோயாளிக்கு அது தண்டனையாகத் தோன்றாது.

டிரைகிளிசரைடு 500-ஐத் தாண்டினால் கணைய அழற்சி ஏற்படும் அபாயம் கூடும். மேல்வயிற்றில் தொடங்கி முதுகுக்குப் பரவும் கடும் வலி வந்தால் உடனே அவசர சிகிச்சைப் பிரிவுக்கு வாருங்கள். எண்கள் சீரானதும் மருந்தைத் தாமாக நிறுத்திவிட வேண்டாம். அந்த முடிவை நாம் சேர்ந்து எடுப்போம்.