இடுப்பு வலிக்கு ஆஸ்டியோபதி: வணிகர்கள் அறிய வேண்டியவை

நம் வணிகப் பெருமக்களில் இடுப்பு வலி இல்லாதவரைத் தேடித்தான் பிடிக்க வேண்டும். மளிகைக் கடைக்காரர் காலை முதல் இரவு வரை நின்றபடியே பொட்டலம் கட்டுகிறார். மொத்த வியாபாரி கல்லாவை விட்டு எழுந்திருப்பதில்லை. லோடு வந்து நிற்கும் நேரத்தில் ஆள் வராவிட்டால் முதலாளியே மூட்டைக்குத் தோள் கொடுக்கிறார். இரவில் மருந்துக் கடையில் ஒரு வலி மாத்திரை. மாதக் கணக்கில் இப்படிப் போட்டால் வயிற்றுப் புண்ணும் சிறுநீரகக் கோளாறும் கூடவே வரும். ஆகவே மாத்திரையின்றிக் கையாலேயே செய்யப்படும் ஆஸ்டியோபதி என்ற சிகிச்சை பற்றி நாம் அறிந்ததை இங்கே தருகிறோம்.

இதைத் தொடங்கியவர் ஆண்ட்ரூ டெய்லர் ஸ்டில் என்ற அமெரிக்க மருத்துவர். 1864-இல் மூளைக் காய்ச்சலில் தம் பிள்ளைகளைப் பறிகொடுத்தார். அக்கால மருந்துகளில் நம்பிக்கை இழந்தார். எலும்பு, தசை, மூட்டுகளின் இயக்கத்தைச் சீராக்கினால் உடல் தானே தேறும் என்று 1874-இல் அறிவித்தார். 1892-இல் மிசௌரி மாநிலம் கிர்க்ஸ்வில்லில் கல்லூரியும் தொடங்கினார். இன்று அமெரிக்காவில் இந்தப் பட்டம் பெற்றவர் மருந்து எழுதவும் அறுவை செய்யவும் உரிமையுள்ள முழு டாக்டர். பிரிட்டனிலோ 1993-ஆம் ஆண்டுச் சட்டப்படி பதிவு பெற்றவர்தான் இப்பெயரைப் போடலாம். ஆனால் அவர் மருந்து எழுதும் டாக்டர் அல்லர். லேபிள் ஒன்று, சரக்கு வேறு! நம் ஊரில் இப்படிப் பெயர்ப்பலகை கண்டால், என்ன படித்தார், எங்கே, எத்தனை ஆண்டு என்று கேட்ட பிறகே உள்ளே போக வேண்டும். மாதிரி பார்க்காமல் மிளகாய் வாங்குவோமா?

இனி, எதற்கு உதவும் என்று பார்ப்போம். முதலாவது சாதாரண இடுப்புப் பிடிப்பு. தசைகளை அழுத்தி, நீட்டி, மூட்டுகளை மெல்ல அசைத்துக் கொடுக்கும்போது வலி தணிந்து நடமாட்டம் இலகுவாகிறது. இடுப்பிலிருந்து காலுக்கு இறங்கும் சயாட்டிகா வலியிலும் சிலருக்குப் பலன் உண்டு. குனிந்து பில் எழுதி, செல்போனைத் தோளில் இடுக்கிப் பேசி வரும் கழுத்து வலிக்கும், அதனால் வரும் தலைவலிக்கும் இம்முறையை நாடுகிறார்கள். தோள் இறுகிக் கை தூக்க முடியாமல் போவது சர்க்கரை நோயாளிகளுக்கு அதிகம். அதற்கு டாக்டரைப் பார்த்துச் சர்க்கரையையும் கவனிக்க வேண்டும். ஆஸ்துமா, சர்க்கரை, ரத்த அழுத்தம் எல்லாவற்றையும் முதுகெலும்பைத் தட்டியே தீர்ப்போம் என்பவரிடம் நாம் கும்பிடு போட்டுவிட்டு வந்துவிடலாம். அதற்குத் தக்க ஆதாரமில்லை.

இதில் முக்கியமான செய்தி ஒன்று. பிரிட்டனில் 2016-இல் வெளியான மருத்துவ வழிகாட்டு நெறியில், இடுப்பு வலிக்குக் கையால் செய்யும் சிகிச்சையை உடற்பயிற்சியோடு சேர்த்தே தர வேண்டும் என்று சொல்லப்பட்டது. மேசையில் படுத்து எழுந்து வந்தால் மட்டும் போதாது. நம்மில் பலர் விரும்பி வாங்கும் இடுப்பு பெல்ட்டையும் அந்நெறி பரிந்துரைக்கவில்லை! பிசியோதெரபி நிபுணர்களும் பயிற்சியோடு இத்தகைய சிகிச்சை தருகிறார்கள். நம் ஊர்களில் அவர்களைத் தேடுவது எளிது. பெரும்பாலான இடுப்பு வலி சில வாரங்களில் தானே குறையும். அதுவரை படுத்தே கிடக்காமல் நடமாடுவது நல்லது.

வலிக்குக் காரணமான சுமையைக் குறைக்காமல் சிகிச்சைக்கு மட்டும் செலவழித்தால் அது ஓட்டைச் சாக்கில் அரிசி கொட்டுவதுதான். ஒரு ஆண் தொழிலாளி சுமக்கும் எடை 55 கிலோவுக்கு மேல் இருந்தால் அதைக் குறைக்க வேண்டும் என்று சர்வதேசத் தொழிலாளர் அமைப்பு 1967-லேயே பரிந்துரைத்தது. 25 கிலோ சிப்பம் வந்ததில் மளிகைக் கடைக்காரருக்கு நிம்மதி. பெரிய மூட்டை இறங்கும் மண்டிகளில் தள்ளுவண்டி இருந்தால் நம் சுமை தூக்கும் தொழிலாளர்களின் முதுகு தப்பும்.

சில அறிகுறிகள் கண்டால் கைச்சிகிச்சைக்குப் போகவே கூடாது. சிறுநீர், மலம் கட்டுப்பாடின்றிப் போவது, தொடைகளின் இடையில் மரத்துப் போவது, கால் வலுவிழப்பது ஆகியவை அவசர நிலை. வலியுடன் காய்ச்சல், காரணமில்லாமல் எடை குறைதல், விழுந்து அடிபட்ட பின் வலி என்றால் முதலில் டாக்டர்தான். எலும்பு மெலிந்தவர்களும் ரத்தம் உறையாமலிருக்க மாத்திரை சாப்பிடுபவர்களும் அதை முன்கூட்டியே சொல்ல வேண்டும். கழுத்தைச் சடக்கென்று திருப்பினால், அரிதாக என்றாலும், மூளைக்குப் போகும் ரத்தக் குழாய் கிழிந்து பக்கவாதம் வரலாம். மார்பு இறுகி, இடது தோளும் தாடையும் வலித்து வியர்த்தால் வாயுப் பிடிப்பு என்று தைலம் தடவிக் கொண்டிராமல், கல்லாவைப் பக்கத்திலிருப்பவரிடம் ஒப்படைத்துவிட்டு உடனே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும்.