மைனாவையும் எண்ண வேண்டுமா?

ஈசூனில் எங்கள் வீடு நான்காவது மாடியில் இருக்கிறது. சமையலறைச் சன்னலைத் திறந்தால் எதிரே ஒரு தூங்குமூஞ்சி மரம். ஞாயிற்றுக்கிழமை காலையில் தொடக்கநிலை இரண்டில் படிக்கும் என் மகளும் நானும் 15 நிமிடம் அங்கே நிற்போம். பார்த்த பறவைகளை அவள் நோட்டுப் புத்தகத்தில் கோடு போட்டு எண்ணுவாள். நான் அதை 'இபேர்ட்' செயலியில் பதிவு செய்வேன்.

அமெரிக்காவின் கார்னெல் பறவையியல் ஆய்வகம் நடத்தும் இத்திட்டம் 2002ல் தொடங்கியது. பறவைகள் எங்கே பெருகுகின்றன, எங்கே குறைகின்றன என்று அறிய, பொதுமக்கள் அனுப்பும் இந்தக் கணக்கை ஆய்வாளர்கள் பயன்படுத்துகிறார்கள்.

மாங்குயில், தேன்சிட்டு, மீன்கொத்தி என்றால் உற்சாகமாகப் பதிவேன். மைனாவை மட்டும் விட்டுவிடுவேன். காப்பிக்கடை மேசை வரை வரும் பறவையை யார் எண்ணுவது என்ற அலுப்புதான்.

பட்டியலை அனுப்பும்முன் செயலி ஒரு கேள்வி கேட்கும்: அடையாளம் கண்ட எல்லாப் பறவைகளையும் குறித்துவிட்டீர்களா? நான் வழக்கம்போல 'ஆம்' என்று தட்டினேன். பக்கத்தில் நின்ற மகள் கேட்டாள்: "அம்மா, மைனாவ நாம எழுதவே இல்லையே. அப்புறம் ஏன் ஆம்னு போடுறீங்க?"

என்னால் பதில் சொல்ல முடியவில்லை. பள்ளியில் பொய் சொல்லக்கூடாது என்று அவளுக்குச் சொல்பவள் நான்தான்.

அன்றிரவு ஜாவா மைனாவைப் பற்றிப் படித்தேன். ஜாவா, பாலித் தீவுகளைச் சேர்ந்த பறவை அது. கூண்டில் வளர்ப்பதற்காக இங்கே கொண்டுவரப்பட்டு, பிறகு தீவெங்கும் பெருகிவிட்டது. ஆனால் அதன் சொந்த மண்ணில், கூண்டுப் பறவை வணிகத்துக்காகப் பிடிக்கப்பட்டே அரிதாகிவிட்டது. இன்று சர்வசாதாரணமாக இருப்பது நாளையும் அப்படியே இருக்கும் என்று சொல்ல முடியாது. அன்றாடம் காணும் பறவையை எண்ணி வைத்தால்தான், அது குறையும்போது தெரியும்.

மறுநாள் பழைய பட்டியல்களைத் திறந்து, 'ஆம்' என்பதை எல்லாம் 'இல்லை' என்று திருத்தினேன்.

நீங்களும் பிள்ளைகளோடு தொடங்கலாம். தொலைநோக்கி கட்டாயமில்லை. போய்த் திரும்பும் அதே பறவையை இருமுறை எண்ணாதிருக்க, ஒரே நேரத்தில் அதிகமாகக் கண்ட எண்ணிக்கையை எழுதுங்கள். பெயர் தெரியாவிட்டால் ஊகிக்காதீர்கள். ஆண்டுதோறும் பிப்ரவரியில் நான்கு நாள் நடக்கும் உலகப் பறவைக் கணக்கெடுப்பிலும் சேரலாம்.

சென்ற ஞாயிறு எங்கள் பட்டியலில் முதல் வரி: ஜாவா மைனா, 11. எழுதியது மகள். 'ஆம்' என்று தட்டியதும் அவள்தான்.