எட்டாயிரம் ரூபாய் முதலாளி!

திருப்பூர் வீரபாண்டியில் டீ பிரேக் நேரத்தில் காது கொடுத்துக் கேளுங்கள். ஓவர்லாக் அடிப்பவர், செக்கிங் பார்ப்பவர், எல்லோருக்கும் ஒரே கனவுதான். 'நாலு மெஷின் போட்டா நாமளும் ஓனர்தானுங்க!'

அதெல்லாம் நடக்கிற காரியமா? நடந்திருக்கிறது! பேர் கே.பி.ராமசாமி. பெருந்துறைப் பக்கம் விவசாயக் குடும்பம். கையில் காசில்லாமல் காலேஜ் படிப்பு பாதியில் நின்றது. 1971-ல் உறவினரிடம் 8,000 ரூபாய் கடன் வாங்கித் தறி போட்டார். 1984-ல் சகோதரர்கள் சிகாமணி, நடராஜுடன் சேர்ந்து கே.பி.ஆர். குழுமம். 2023-ல் ஃபோர்ப்ஸ் பத்திரிகையின் இந்தியப் பணக்காரர்கள் பட்டியலில் நூறாவது இடம். சொத்து மதிப்பு 230 கோடி டாலர். நம்ம கணக்கில் சுமார் 19,000 கோடி ரூபாய். அம்மாடி!

எப்படி முடிந்தது? வீரபாண்டியில் ஒரு பனியன் பல கை மாறும். நூல் ஒருவர், நிட்டிங் ஒருவர், சாயம் ஒருவர், தையல் ஒருவர். ஒரு கை நின்றால் மற்ற கைகள் ஈ ஓட்ட வேண்டியதுதான். 2011 ஜனவரியில் ஐகோர்ட் உத்தரவுப்படி சாயப்பட்டறைகளை மூடியபோது ஊரே தவித்ததே, மறக்குமா? ராமசாமியோ பஞ்சிலிருந்து பனியன் வரை எல்லா வேலையையும் ஒரே குழுமத்துக்குள் கொண்டுவந்துவிட்டார். இடையில் லாபமும் சிந்தவில்லை, வேலையும் நிற்கவில்லை!

இது வியாபார மூளை. அதைவிடப் பெரிய சங்கதி ஒன்று உண்டு.

மில்லுக்கு வருகிறவர்களில் முக்கால்வாசி ஏழை வீட்டுப் பெண்கள். கொங்கு நாட்டில் 'சுமங்கலித் திட்டம்' என்று கல்யாணப் பணத்தைக் காட்டி, இப்படிப்பட்ட பெண்களைக் கசக்கிப் பிழிவதாகப் பல மில்கள் மீது புகார் கிளம்பிய காலமும் உண்டு. ராமசாமியிடம் ஒரு தொழிலாளிப் பெண், 'படிக்கணும்' என்று கேட்டாளாம். பாதியில் படிப்பை விட்ட மனுஷருக்கு அந்த வலி புரியாதா? ஷிப்ட் முடிந்ததும் வகுப்பு ஆரம்பமானது. பத்தாவது, ப்ளஸ் டூ, டிகிரி என்று 2023-க்குள் 24,000 பேருக்கு மேல் தேறிவிட்டார்கள். திறந்தநிலைப் பல்கலைக்கழகத்தில் தங்க மெடல் வாங்கியவர்களும் இருக்கிறார்கள்.

படித்தவள் மில்லை விட்டு வேறு வேலைக்குப் போவாள். புது ஆளைப் பிடித்துப் பழக்க வேண்டும். முதலாளிக்கு அது நஷ்டம்தான். தெரிந்தேதான் செய்கிறார்.

19,000 கோடி எல்லோருக்கும் வாய்க்காது. ஆனால் தையல் மெஷின்களுக்கு நடுவே ஒரு கரும்பலகை மாட்ட எவ்வளவு செலவாகும்? வீரபாண்டி ஓனர்களே, கொஞ்சம் கணக்குப் போட்டுப் பாருங்களேன்!