உறங்கிய பெயரேடு

பெங்களூரு என்னும் பெயரை நாம் முதன்முதலாகக் காண்பது பேகூர்க் கோயிலில் உள்ள ஒரு நடுகல்லில் ஆகும். ஏறத்தாழ கி.பி. 890-ஆம் ஆண்டைச் சேர்ந்த அக்கல், போரில் ஒருவன் மாண்டான் என்பதைப் பின்வந்தோர்க்கு அறிவிக்கின்றது. பேகூருக்கு அணித்தேயுள்ள எலக்ட்ரானிக் சிட்டியின் கணிப்பொறிகளிலும் ஒருவகை நடுகல் உண்டு.

பெரிய அலுவலகத்தில் யார் ஊழியர், எவருக்கு எக்கோப்பைத் திறக்க உரிமை என்பனவற்றைக் குறிக்கும் பெயரேடு ஒரே கணிப்பொறியில் இருப்பதில்லை. பல சர்வர்கள் ஆளுக்கொரு படி வைத்துக்கொண்டு, மாற்றங்களை ஒன்றுக்கொன்று அறிவித்துக்கொள்கின்றன. மைக்ரோசாப்ட் நிறுவனம் 2000-இல் வெளியிட்ட ஆக்டிவ் டைரக்டரி இத்தகையதே.

ஊழியர் ஒருவர் விலகியதும் அவர் பெயரை அடியோடு அழித்துவிட்டால், அப்போது அணைந்திருந்த சர்வர் அதனை எங்ஙனம் அறியும்? ஆகவே, ‘இப்பெயர் நீக்கப்பட்டது’ என்னும் குறிப்பொன்று சில காலம் வைக்கப்படுகின்றது. ‘டூம்ஸ்டோன்’ எனப்படும் அதனை நாம் நடுகல் எனலாம். பேகூர்க் கல் ஆயிரம் ஆண்டுகளைக் கடந்தும் நிற்கின்றது; இதற்கோ தொடக்கத்தில் 60 நாளே ஆயுள். 2005-க்குப் பின் புதிதாக அமைந்தவற்றில் பெரும்பாலும் 180 நாள்.

2020 மார்ச் 25 அன்று, ஊரடங்கு தொடங்கியபோது, பெங்களூரில் ஒரு சர்வர் அணைக்கப்பட்டதாகக் கொள்வோம். செப்டம்பர் 21-உடன் 180 நாள் நிறைவுறும். அதன்பின் விழிக்கும் சர்வர், ஊரடங்கின் தொடக்கத்தில் விலகியவரை இன்னும் ஊழியர் என்றே நம்பும். உண்மையை உரைக்க நடுகல்லும் இராது. பிற சர்வர்கள் அதன் செய்தியை ஏற்க மறுக்கலாம். எனினும், அதனையே நேரில் நாடும் பழைய ஊழியருக்கு அது வழிவிடக்கூடும்.

அணைந்திருப்பதே குற்றமன்று. 2017 ஜூன் 27-இல் நாட்பெட்யா என்னும் நச்சு நிரல் மெர்ஸ்க் கப்பல் நிறுவனத்தின் பெயரேட்டுச் சர்வர்களை அழித்தது. கானா நாட்டில் மின்தடையால் அணைந்திருந்த ஒன்று மட்டுமே தப்பியது. அதனைக் கொண்டே ஏட்டை மீட்டனர்.

ஆதலின் தம் அலுவலகத்து எல்லை 60 நாளா, 180 நாளா என்பதைப் பொறுப்பாளர் முன்னரே அறிந்திருத்தல் வேண்டும். எல்லை கடந்த சர்வரை அவ்வாறே மீண்டும் சேர்க்கலாகாது. அதன் பழைய ஏட்டைத் துடைத்துவிட்டுப் புதிதாகப் படியெடுப்பதே முறை. சேமித்து வைத்த காப்புப் படிகளுக்கும் இவ்விதியே பொருந்தும்.