மின்சாரக் காரில் நெடுந்தூரப் பயணம்: வாங்குமுன் போட வேண்டிய கணக்கு

2020 மார்ச்சில் இடைநிறுத்தப்பட்ட தனியார் வாகன இறக்குமதிக்கு 2025 பெப்ரவரி முதலாம் திகதி மீண்டும் வழி திறக்கப்பட்டதையடுத்து, மின்சாரக் கார் பற்றிய பேச்சு எமது வீடுகளிலும் எழுந்துள்ளது. 2022 இல் எரிபொருள் வரிசைகளில் இரவு பகலாகக் காத்து நின்றவர்களுக்குப் பெற்றோல் தேவைப்படாத வாகனத்தின் மீது நாட்டம் பிறந்ததில் வியப்பில்லை. நகருக்குள் ஓடுவதற்கு இவை உகந்தவை என்பதில் எமக்கும் ஐயமில்லை. ஆனால், வடக்கிலோ கிழக்கிலோ வாழும் குடும்பமொன்றுக்கு இருக்கும் ஒரே வாகனம் அதுவாயின், நோயாளியைக் கொழும்புக்கு அழைத்துச் செல்வதும் பெருநாளுக்கோ பொங்கலுக்கோ உறவினரிடம் போய்வருவதும் அதிலேயேதான். எனவே, சேமிப்பு முழுவதையும் கொடுத்து வாங்குமுன், விற்பனையாளர் கூறும் தூரத்தை நிதானமாக ஆராய வேண்டும்.

அத்தூரம் எந்தப் பரிசோதனை முறையில் அளக்கப்பட்டது என்பதே முதற் கேள்வி. 40 கிலோவாற் மணி பற்றரி கொண்ட நிஸான் லீஃப் காரை எடுத்துக்கொள்வோம். 2017 இல் அது அறிமுகமானபோது ஜப்பானின் அன்றைய முறைப்படி ஒரு முழு மின்னேற்றத்தில் 400 கிலோ மீற்றர் ஓடும் எனப்பட்டது. ஐரோப்பாவின் புதிய முறையில் அது 270 ஆகியது. அமெரிக்க முறையில் 243. காரும் ஒன்று, பற்றரியும் ஒன்று. அளவுகோல் மட்டுமே வேறு. கொழும்பிலிருந்து யாழ்ப்பாணத்துக்கு ஏறத்தாழ 400 கிலோ மீற்றர். ஜப்பானியக் கணக்கை நம்பிப் புறப்படுபவர் இடையில் மின்னேற்றாமல் வவுனியாவை எட்டுவதே சந்தேகம்.

இது புதிய காருக்குரிய கணக்கு. பாவித்த காராயின் பற்றரியின் கொள்ளளவு குறைந்திருக்கும். லீஃப் காரின் முகப்புப் பலகையில் பற்றரியின் நிலையைக் காட்டும் 12 கட்டங்கள் உள்ளன. முதற் கட்டம் மறைந்தாலே கொள்ளளவில் ஏறத்தாழ 15 சதவீதம் போய்விட்டதெனக் கொள்ளலாம். அப்படியான காரில் 243 என்பது 207 ஆகும். வழியில் நின்று மின்னேற்றுவோர் பற்றரியை முற்றாக வற்ற விடுவதில்லை. 80 சதவீதத்துக்கு மேல் மின்னேற்றம் மந்தமாவதால் அதற்கு மேல் காத்திருப்பதுமில்லை. ஆகவே 10 முதல் 80 சதவீதம் வரையே பயன்படும். அதாவது, ஒரு தரிப்புக்கும் அடுத்ததற்கும் இடையில் வெறும் 145 கிலோ மீற்றர். வீட்டில் முழுமையாக மின்னேற்றிப் புறப்பட்டாலும் யாழ்ப்பாணம் சேர்வதற்குள் இரு தடவை நிற்க நேரிடும்.

எமது வீதிகளில் வேகம் குறைவாதலால் காற்றின் தடையும் குறைவு, அது நன்மையே. ஆனால் பயண நேரம் நீள்கிறது. குளிரூட்டிக்கு ஒரு கிலோவாற் மட்டுமே செலவாகிறது என்று வைத்துக்கொண்டாலும், எட்டு மணி நேரத்தில் எட்டு கிலோவாற் மணி போய்விடும். அது இந்தப் பற்றரியில் ஐந்திலொரு பங்கு!

வெப்பத்தினால் வரும் சிக்கல் இன்னொன்றும் உண்டு. இந்த லீஃப் காரின் பற்றரிக்குத் திரவக் குளிரூட்டல் கிடையாது. ஒரே நாளில் இரண்டாம் தடவை அதிவேகமாக மின்னேற்ற முற்படும்போது, சூடேறிய பற்றரியைக் காப்பதற்காகக் கார் தானாகவே மின்னேற்ற வேகத்தைக் குறைத்துக்கொள்கிறது. அனுராதபுரத்து நண்பகலில் இதன் பொருள் என்னவென்று சொல்லத் தேவையில்லை. ஆகவே, நெடுந்தூரம் ஓடுபவர்கள் திரவக் குளிரூட்டல் உள்ள காரையே தேடுவது நன்று. உதாரணமாக, பி.வை.டி. அற்றோ 3 இன் 60 கிலோவாற் மணி வகையில் பற்றரியைக் குளிர்விக்கும் வசதி உண்டு. ஐரோப்பிய முறையில் அதன் தூரம் 420 கிலோ மீற்றர். ஒரு தடவை நின்றால் யாழ்ப்பாணம் போய்ச் சேரலாம். விலைதான் பலருக்கு எட்டாதது.

பலரும் கவனிக்கத் தவறுவது மின்னேற்றும் துவாரத்தை. ஜப்பானிய லீஃப் சாடெமோ வகை. ஐரோப்பியத் தரத்தில் வருபவை சி.சி.எஸ். 2, சீன உள்நாட்டுச் சந்தைக்கென உற்பத்தியானவை ஜி.பி./ரி. வகை. ஒன்றின் செருகி மற்றொன்றில் பொருந்தாது. காரைத் தெரிவுசெய்யுமுன், தாம் வழக்கமாகச் செல்லும் வீதியில் எந்தெந்த நிலையத்தில் எந்தச் செருகி உள்ளது, எத்தனை கிலோவாற், இரவில் இயங்குமா என்பவற்றை நேரிற் பார்த்தோ தொலைபேசியிற் கேட்டோ அறிந்துகொள்ள வேண்டும். ஒரேயொரு இயந்திரம் மட்டும் உள்ள நிலையத்தை நம்பிப் பயணத்தைத் திட்டமிடலாகாது.

மின்சாரம் இருந்தாலன்றி எந்த இயந்திரமும் உதவாது. இறக்குமதி மீண்டும் தொடங்கி எட்டாம் நாள், 2025 பெப்ரவரி 9 இல், பாணந்துறை உப மின்நிலையத்தில் குரங்கொன்று புகுந்ததால் நாடு முழுவதும் இருளில் மூழ்கியது. அடுத்த நிலையத்தையும் தாண்டிச் செல்ல 50 கிலோ மீற்றருக்கேனும் போதுமான மின்சாரத்தைப் பற்றரியில் வைத்திருக்குமாறு நாம் கூறுவது இதனாலேயே.